அனல்தேசத்து ராணி

"இவ கையில நாட்டைக் கொடுத்தா நாலே நாள்ல சுடுகாடுதான்!" என்று தலையில் கைவைத்துக்கொண்டான் பாண்டிமுருகன்.

சிவகாசியில், அப்பாவின் பட்டாசு ஆபீஸ் மாடியில், மூன்றே மூன்று கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அவன் ஒரு தேசத்தையே படைத்திருந்தான். 2008-ல் அந்த ஊருக்கு அது பெரிய அதிசயம்.

அனல்தேசம் என்று பெயர். டிராகன் காவல் காக்கும். ஜனங்கள் நெருப்புப் பூ செய்து ஏழு கடல் தாண்டி விற்பார்கள். கூலி, பொற்காசு. நல்ல ராணி ஆண்டால் கஜானா நிறையும். கெட்டவள் ஆண்டால் காலி. அதுதான் விளையாட்டு.

வெள்ளிக்கிழமை சென்னைக் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். காசுக் கணக்கில் ஒரு ஓட்டை தெரிந்தாலும் இரண்டு வருஷ உழைப்பு போச்சு.

கம்ப்யூட்டரே தெரியாத ஆள் ஆடினால்தான் ஓட்டை தெரியும் என்று, கணக்கப்பிள்ளையிடம் சொல்லி, எம். புதுப்பட்டி ஃபாக்டரியிலிருந்து ஆவுடைத்தாயை வரவழைத்தான். இருபது வருஷம் சரவெடி பின்னி விரல் தேய்ந்தவள். இரக்கமாகத்தான் ஆடுவாள் என்று நினைத்தான்.

"நீங்கதான் ராணி. கஜானா நிறையணும். என்ன செய்யணும்னு வாயால சொல்லுங்க, நம்ம ஆபீஸ் பொண்ணு சினேகா கம்ப்யூட்டர்ல தட்டும்."

திரையில் டிராகன் நெருப்பைக் கக்கியது. ஆவுடைத்தாய் சிரித்தாள்.

"வெடிப்பெட்டி மேல புலிப் படம் போட்டா உள்ள புலியா இருக்கு? படத்தை விடுங்க சின்ன முதலாளி. கூலி எம்புட்டு?"

"நூறு பூவுக்கு ஒரு காசு."

"அப்ப நூத்திப்பத்து வாங்கு தாயி. பத்தைக் கழிவுன்னு எழுது."

சினேகா தட்டினாள். கஜானா கலகலவென்று நிறைந்தது. பாண்டிமுருகன் பதறிப்போய் அந்த ஓட்டையை அடைத்தான். எண்ணின பூவுக்கெல்லாம் கூலி உண்டு.

"மழை வருதா? கேட்டைப் பூட்டு. வந்தவுகளைத் திருப்பி அனுப்பு. கூலி கிடையாது."

அடைத்தான். மழை நாளுக்கு அரைக் கூலி.

"சரி, கூலியில ஒரு காசு ஏத்திக் கொடு. வண்டிச் சத்தம்னு, வந்துபோற வாடகையா ரெண்டு காசு பிடி."

அதையும் அடைத்தான்.

மூன்று நாள்! இவன் அடைக்க அடைக்க அவள் இன்னொன்றைத் தோண்டினாள். ஏழு கடலின் பொன்னும் அவள் கஜானாவில் வந்து விழுந்தது. ஜனங்கள் குச்சியாக இளைத்தார்கள். டிராகனுக்குக்கூட அரை வயிற்றுக்குத்தான் தீனி.

மூன்றாம் நாள், திரையில் ஒரு பட்டறை வெடித்தது. நாலு பேர் காலி.

"நாலு பேரு பேரையும் ஏட்டுல அடி. முந்தாநாளே வேலையை விட்டு நின்னுட்டதா எழுது."

சினேகா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"ஏக்கா, நீங்களும் கூலிக்காரிதானே! கொஞ்சங்கூட ஈரம் இல்லையா?" என்று கத்தினான் பாண்டிமுருகன்.

"அப்படிச் செய்ய வழி இருக்குல்ல? இருந்தா அடைங்க."

அடைத்தான். ஏட்டில் ஏறிய பேரை எந்த ராணியும் அழிக்க முடியாது. செத்தவன் பிள்ளைகள் தலையெடுக்கும்வரை கஜானாதான் சோறு போடவேண்டும்.

அதற்குமேல் ஆவுடைத்தாயால் ஒரு காசு சுருட்ட முடியவில்லை.

"எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்" என்று எழுந்தாள். கண் கலங்கியிருந்தது. தோற்ற ஆத்திரம் என்று நினைத்துக்கொண்டான்.

"இனி யாரும் மாத்த முடியாதே, சின்ன முதலாளி?"

"அந்த டிராகனே வந்தாலும் முடியாது."

"என்னைக்கு வெளிய விடுவீக?"

"வெள்ளிக்கிழமை" என்றான் பெருமையாக. மூன்று நாள் கூலியோடு கால் கிலோ மிட்டாயும் கொடுத்து அனுப்பினான்.

சற்று நேரத்தில் தெருவில் குலவைச் சத்தம். ஜன்னலைத் திறந்தான். கீழே ஃபாக்டரி வேன். பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் ஆவுடைத்தாய் மிட்டாயைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"கணக்கப்பிள்ளை சொன்னது நெசந்தான்டி! நம்ம கம்பெனிக்குச் சின்ன முதலாளி புதுச் சட்டம் எழுதுறாரு. இருபது வருசமா நம்ம வயித்துல அடிச்ச வித்தையெல்லாம் ஒண்ணுவிடாமச் செஞ்சு காட்டி அடைக்க வச்சிட்டேன். வெள்ளிக்கிழமையிலருந்து கழிவு இல்ல, வண்டிச் சத்தம் இல்ல. எம் புருசன் பேரை அடிச்ச மாதிரி, இனிமே யாரு பேரையும் ஏட்டுல அடிக்க முடியாது!"

சினேகா நிமிர்ந்து பாண்டிமுருகன் முகத்தைப் பார்த்தாள்.

"ஏசி வெளிய போகுது" என்று சொல்லி, அவன் ஜன்னலைச் சாத்தினான்.