சதை போட்ட பேய்

"உனக்கு மனசாட்சியே இல்லையா? உடம்பு முடியாத மனுஷனைப் பேய்கிட்ட அடி வாங்க விட்டு வேடிக்கை பாக்கறே!"

வந்து இன்னும் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. அதற்குள் நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள்.

மத்தியான நேரம். ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருந்ததால் கூடம் முழுக்க டிவியின் நீல வெளிச்சம். அதில் ஓடிய வீடியோ கேமில் ஒரு பாழடைந்த பங்களா. அதைச் சுற்றி மூடுபனி நகர்ந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் அது நம் காலடிக்கே வந்துவிட்ட மாதிரி ஒரு மயக்கம்.

பனிக்குள்ளிருந்து பேய் மிதந்து வந்தது. பேய் என்றால் காற்று மாதிரி இருக்க வேண்டாமா? இதற்கு அகல அகலமாய்த் தோள், தூண் தூணாய்க் கை. தவறாமல் ஜிம்முக்குப் போகிற பேய் போலிருக்கிறது!

எதிரே நாற்காலியில் நாத்தனாரின் தம்பி. பெயின்டர். ஏணியிலிருந்து விழுந்து வலது தோள் உடைந்து நாலு மாதம். எலும்பு கூடிவிட்டது. கைதான் எழும்பவில்லை.

"பயந்துக்கிட்டு அசைக்காமலே வெச்சிருந்தா தோள் இறுகிடும். அப்புறம் பிரஷ்ஷை மறந்துட வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கைக்குப் பயிற்சியாகத்தான் இந்த விளையாட்டு. கையிலுள்ள ரிமோட்டை ஓங்கி இறக்கினால் பேய்க்கு அடி விழும். எவ்வளவு உயரம் ஓங்குகிறோமோ, அடியில் அவ்வளவு பலம்.

தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கினான். கை தோளைத் தாண்டியது. அடித்தான். பேய் அசையவே இல்லை. அது திருப்பிக் கொடுத்த ஒரே அடியில் ஆட்டம் முடிந்தது.

"இன்னொரு தடவை" என்றாள் மனைவி, ஈவிரக்கமே இல்லாமல்.

"வலிக்குதுடி."

"அதைப் பேய்கிட்ட சொல்லுங்க." டீ போட உள்ளே போய்விட்டாள்.

அக்கா தம்பியின் பக்கம் திரும்பினாள். "ஏன்டா, ஒரு நாளாவது ஜெயிச்சியா?"

"ஜெயிக்கிற மாதிரி இருக்கும்க்கா. மறுநாள் பார்த்தா மறுபடியும் தோத்துடுவேன். இந்தக் கை அவ்வளவுதான். வேற வேலைதான் பாக்கணும்."

அவன் குரல் உடைந்திருந்தது. அக்காவால் தாங்க முடியவில்லை. ரிமோட்டை வாங்கி எதையெதையோ அமுக்கினாள். வீட்டில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிய அனுபவம் கைகொடுத்தது. 'பேயின் பலம்: 11' என்று வந்து நின்றது.

'அடிப்பாவி! வேணும்னேதான் ஏத்தி வெச்சிருக்கா!'

ஒன்றுக்கு இறக்கினாள்.

இந்த முறை பனிக்குள்ளிருந்து வந்த பேய்க்கு எலும்பும் தோலும்தான் இருந்தன. தம்பி ஓங்கி ஒன்று விட்டான். பேய் புகையாகக் கலைந்தது. பனி விலகி, பங்களாவின் ஜன்னல்களில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது.

"அக்கா! ஜெயிச்சுட்டேன்!"

சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி டிவியைப் பார்த்தாள். கலைந்துகொண்டிருந்த அந்த ஒல்லிப் பேயைப் பார்த்ததும் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"என்னம்மா, என் தம்பி ஒரு நாள் ஜெயிச்சா உனக்குப் பொறுக்கலையா?"

"அதில்லை அண்ணி... மொத நாள் இந்த நோஞ்சான் பேய்கிட்டதான் இருபது தடவை தோத்தார். கை இடுப்புக்கு மேல வரல. கை ஒவ்வொரு விரல் அளவா ஏற ஏற, நான்தான் இந்தப் பேய்க்குக் கொஞ்சம் கொஞ்சமா சதை போட்டு வளர்த்தேன்!"