வெளியிலேயே பேசி முடிச்சிக்கலாம்

"ஐந்நூறு வெள்ளி இருக்குண்ணே. போலீசுக்கு மட்டும் போக வேணாம். வெளியிலேயே பேசி முடிச்சிக்கலாம்."

முனியாண்டி பணத்தைச் சிங்காரத்தின் கடை மேசையில் வைத்தான். தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஏழெட்டு வீடு ஏறி இறங்கிச் சேர்த்த பணம். பக்கத்தில் அவன் மனைவி மணியம்மா, மாவுக்கட்டுப் போட்ட வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு நின்றாள்.

நேற்று சாயங்காலம் மலை வளைவில், மூடுபனிக்குள், அவள் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளும் சிங்காரத்தின் வேனும் மோதிக்கொண்டன. வேனுக்கு முன்விளக்குப் போனது. அவளுக்குக் கை போனது. கொழுந்து பறிக்கிற கை. மூன்று மாதம் வேலையை நினைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மோட்டார் சைக்கிளும் காரும் மோதிக்கொண்டால் யார் மேல் தப்பு என்று தோட்டத்தில் எவரும் கேட்பதில்லை. மோட்டார்க்காரன்தான் காசோடு போய்க் கெஞ்ச வேண்டும். வழக்கம் அப்படி.

அதுவும் இது சிங்காரம். திரிங்காப் ஊர்க் காய்கறி வியாபாரி. பத்து சென் காசுக்காக ஒரு லோரி முட்டைக்கோஸையே திருப்பி அனுப்பிய ஆள்.

"ஐந்நூறா?" சிங்காரம் பணத்தைத் தொடவில்லை. "என்னய்யா, விளையாட்டா இருக்கா?"

"மீதிய மாசா மாசம் கட்டிடறேண்ணே..."

"எதை வச்சுக் கட்டுவ? உன் பொண்டாட்டி மூணு மாசம் வீட்டுல. காச எடு. ரெண்டு பேரும் வேன்ல ஏறுங்க. இருபத்து நாலு மணி நேரத்துக்குள்ள ரிப்போர்ட் குடுக்கணும்."

"ஸ்டேஷன் வேணாம்லாண்ணே."

"ஏறுன்னா ஏறு."

வழியெல்லாம் ஏச்சுத்தான். மோட்டார் ஓட்டத் தெரியுதாம், சட்டம் தெரியாதாம். காசைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாங்களாம்.

பின் இருக்கையில் மணியம்மா கிசுகிசுத்தாள். "நாந்தான் நடு ரோட்டுக்கு வந்துட்டேன் போல."

"போலன்னா? வந்தியா, வரலையா?"

"விழுந்தது மட்டுந்தாங்க ஞாபகம்."

"நீ வாயத் தொறக்காத மணி. கேட்டா நாந்தான் ஓட்டினேன்னு சொல்லிடறேன்."

"கட்டு என் கையில இருக்கு. உங்கள எவன் நம்புவான்?" அந்தப் பயத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அங்க என்ன முணுமுணுப்பு?" முன்னாலிருந்து சத்தம் வந்தது. சிரிப்பு நின்றது.

ஸ்டேஷனில் சார்ஜன் விஜயன் பேனாவைத் திறந்தார். "சொல்லுங்க, இந்த அம்மா மேல என்ன புகார்?"

முனியாண்டி மனைவியை மறைத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"அவங்க மேல யாருய்யா புகார் சொன்னா?" என்றான் சிங்காரம். "அவங்க ஒழுங்காத்தான் வந்தாங்க. போன்ல தக்காளி விலை பேசிக்கிட்டே வளைவுல அவங்க பக்கம் ஏறினவன் நான். அப்படியே எழுதுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்குச் சம்மன் வரும். இத்தனை வருசம் இன்சூரன்ஸ் கட்டணத்துல கிடைச்ச கழிவும் போயிடும்."

"போகட்டும். உள்ளத உள்ளபடி எழுதினாத்தான் என் இன்சூரன்ஸ் கம்பெனி இந்தத் தங்கச்சிக்கு வைத்தியச் செலவும் மூணு மாசச் சம்பளமும் குடுக்கும்."

மணியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதைக் கடையிலயே சொல்லியிருக்கலாமேண்ணே?"

சிங்காரம் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினான்.

"மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லம்மா. அதான் வழியெல்லாம் கத்திக்கிட்டே வந்தேன்."