கண்டிக்குப் போகும் பட்டியல்

பிரிட்டனின் வெஸ்ட் ஈலிங்கில் உள்ள பயண முகவர் நிலையத்துக்குக் கண்டிச் சுற்றுலா பற்றி விசாரிக்க வந்திருந்தாள் மங்கலம்.

“தலதா மாளிகைக்குக் காலமையே போயிடுங்கோ, அக்கா. சனம் குறைவு,” என்றாள் முகவர் நகுலேஸ்வரி. “பேராதனைப் பூங்காவுக்கு அரை நாள் வேணும். ஓர்க்கிட் பூக்களைப் பார்க்காமல் வராதேங்கோ.”

“மழை வருமா?”

“மார்ச்சில பெரிசா வராது. பயப்பிடாதேங்கோ.”

“எல்லாம் விரல் நுனியில வச்சிருக்கீங்களே! எத்தனை தடவை போயிருக்கீங்க?”

“ஒருக்காலும் போகேல்லை. ஊரில இருக்கேக்க சண்டையால கண்டிப்பக்கம் போக முடியேல்லை. இங்க வந்து பதினாறு வருசமா என்னட்ட இருந்தது அகதிப் பயணப் பத்திரம். அதை வச்சு, தப்பி வந்த நாடான இலங்கைக்குப் போக ஏலாது. போய் வந்த ஆக்களிட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் படிச்சனான்.”



நகுலேஸ்வரி சிரித்தபடி பயணிகள் பட்டியலைத் திருப்பிக் காட்டினாள். முதல் பெயர் நகுலேஸ்வரி.

“போன கிழமை பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்திட்டுது, அக்கா. இந்த முறை உங்களைக் கூட்டிக்கொண்டு போறதே நான்தான்!”