ஓடாத ஏசி

"ஓடவே மாட்டேங்குதுங்க" என்றான் ராஜதுரை, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

ஏசி மெக்கானிக் சிவசங்கருக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அறைக்குள் கால் வைத்ததுமே ஜில்லென்று காற்று முகத்தில் அறைந்தது. புத்தம் புது ஏசி பதினாறில் நின்றுகொண்டிருந்தது. இதைத்தான் ஓடவில்லை என்கிறான் இந்த மனுஷன்.

கள்ளக்குறிச்சிக் கடையிலிருந்து இந்தக் கரியாலூர் வீட்டுக்கு சிவசங்கர் மலையேறி வருவது இது மூன்றாவது தடவை. முதலில் வந்து மாட்டிவிட்டுப் போனான். ஓடவில்லை என்று போன் வந்ததும் மறுபடி வந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். "இன்னிக்கும் கம்ப்ளெய்ன்ட்ட முடிக்காம வந்தின்னா கடைப் பக்கமே தலையக் காட்டாத" என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த முதலாளிதான், மலைக்காரன் ஒருவன் ஏசி கேட்டு வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர். "ஆஸ்பத்திரியில இருக்குதே, அந்த மாதிரி ஒண்ணு குடுங்க" என்றுதான் ராஜதுரை கேட்டான். அதைவிட உசத்தி என்று சொல்லி, இருப்பதிலேயே புது மாடலை அவன் தலையில் கட்டினார். பாவம், உழவு மாட்டை விற்று எடுத்து வந்த பணம்.

கட்டிலில் அவன் மனைவி வளர்மதி குழந்தையை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்திருந்தாள். குறைமாதத்தில் பிறந்து, ஆஸ்பத்திரி ஏசி வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து பிழைத்த குழந்தை. துணிமேல் துணி சுற்றியதில் முகம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தது.

"அங்க நல்லா தூங்குச்சுங்க" என்றான் ராஜதுரை. "வூட்டுக்கு வந்த நாள்லேர்ந்து பொட்டுத் தூக்கம் இல்ல. அழுது அழுது பாலு குடிக்க மாட்டேங்குது, எடை எறங்கிக்கினே போவுது. இப்படியே போனா மறுபடி பொட்டியிலதான் வெக்கணும், அப்புறம் எதுவும் எங்க கையில இல்லன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

அவன் கம்பளி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மொதப் புள்ளையும் தங்கலீங்க. இதுவும் போச்சுன்னா இவ தாங்க மாட்டா."

சிவசங்கர் ஏணியைச் சுவரில் சாய்த்தான். ஏறி மூடியைக் கழற்றினான். உள்ளே பார்த்தான், வெளியே போய்ப் பார்த்தான், கேஸ் பார்த்தான். குறை சொல்ல ஒரு திருகாணிகூட அகப்படவில்லை.

அப்போதுதான் கவனித்தான். ஜன்னல் இரண்டும் பப்பரப்பாவென்று திறந்து கிடந்தன.

"ஜன்னலத் தொறந்து வெச்சிக்கினா குளிரு எப்படிண்ணா நிக்கும்?"

"மூடினா புள்ள வெறச்சுப் போவுதுங்க."

"அப்ப இருவத்தாறுல வெச்சிக்க வேண்டியதுதான. எதுக்குப் பதினாறு?"

"கொறச்சா ஓடுமான்னுதாங்க கொறச்சிக்கினே வந்தேன்."

தூக்கம் கெட்டதில் இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே சிவசங்கர் நினைத்தான். கருவியை மாற்றி எடுத்துவர வண்டிக்குப் போனான். ராஜதுரையும் பின்னாலேயே வந்தான். வண்டியில் துருப்பிடித்துக் கிடந்த பெட்டியில் அவன் பார்வை நின்றது.

"இது இன்னாங்க?"

"பழைய ஜன்னல் ஏசி. மணலூர்பேட்டையில கல்யாண மண்டபத்துல மாப்ள ரூம்ல கெடந்தது. தூங்கவே முடியலன்னு மாப்ள வூட்டுக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்களாம். புதுசு மாட்டியாச்சு, இது காயலான் கடைக்குப் போவுது."

"இது ஓடுதுங்களா?"

"ஓடும். கூலிங் சுத்தமா போச்சு, வெறும் காத்துதான் வரும்."

ராஜதுரை அந்தப் பெட்டியைத் தடவிப் பார்த்தான். என்னவோ கேட்க வாயெடுத்து, கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டான்.

திரும்பவும் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு சிவசங்கர் ஏணியிலிருந்து இறங்கினான். அவனுக்கே அழுகை வரும் போலிருந்தது.

"அண்ணா, ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். எங்க கடையில இதவிட ஒசந்த மெஷின் கெடையாது. காதப் பக்கத்துல வெச்சாக்கூட ஓடறதே தெரியாது."

"அதையேதாங்க நானும் சொல்றேன்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான் ராஜதுரை. "ஓடறதே தெரியல."

குழந்தை முனகிக்கொண்டே இருந்தது.

அதுவரை வாயே திறக்காத வளர்மதி எழுந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். வண்டியில் கிடந்த துருப்பிடித்த பெட்டியைக் காட்டினாள்.

"ஆஸ்பத்திரியிலயும் இந்த மாதிரி பழசுதாங்க, புள்ள தலைமாட்டுல கடகடன்னு ஓடிக்கினே இருக்கும். இதக் குடுத்துட்டுப் போங்க. குளிரு வேணாம், சத்தம் மட்டும் போதும்."