நாலாவது ஸ்பீக்கர்

"சத்தத்தைக் குறை! கீழே அண்ணன் காதுல விழுந்துடப் போகுது."

"பிறந்தநாள் வீட்டுல யாராவது குசுகுசுன்னு பாட்டு வைப்பாங்களா?" என்று முணுமுணுத்துக்கொண்டே மனைவி போனில் ஒலியைக் குறைத்தாள். ஹாலில் ஒன்று, பால்கனியில் ஒன்று, சமையலறை வாசலில் ஒன்று. போனோடு கம்பியில்லாமல் இணைந்த மூன்று ஸ்பீக்கர்களும் சேர்ந்து ஒரே பாட்டை அடக்கமாகப் பாடின.

மகளுக்கு ஐந்து வயது நிறைகிறது. தெருவில் பாதிப் பேரை அழைத்தாயிற்று. கீழ்வீட்டில் இருக்கும் சொந்த அண்ணனைத்தான் அழைக்கவில்லை. மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருப்பது என்று தொடங்கிய சண்டை. மாதக்கணக்கில் பேச்சு வார்த்தை இல்லை.

"பெரியப்பா வந்தாத்தான் கேக் வெட்டுவேன்" என்று மகள் காலையிலிருந்தே முரண்டு. 'பெரியப்பா ஊர்ல இல்லடா கண்ணு' என்று புளுகி வைத்திருந்தான் தம்பி.

ஒருவழியாக அவளைச் சமாதானப்படுத்தி மேசையருகே நிறுத்தியபோது, படிக்கட்டில் பாட்டுச் சத்தம் ஏறி வந்தது. வாசலில் அண்ணன்! அவர் கையில் ஒரு ஸ்பீக்கர், அதே பாட்டைத் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தது. போன வருஷம் அண்ணனும் தம்பியும் ஒரே கடையில் சேர்ந்து வாங்கிய அதே ரகம்.

"என்னடா இது? உன் வீட்டுப் பாட்டு என் வீட்ல வந்து கத்துது! மாடிச் சாவியைத்தான் எடுத்துக்கிட்டே, இப்ப என் ஸ்பீக்கரையுமா?"

"தெரியாம... தானா சேர்ந்துடுச்சு போலண்ணே."

அதற்குள் மகள் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "பெரியப்பா! ஊர்லேருந்து எப்ப வந்தீங்க?"

"ஊர்லேருந்தா?"

அண்ணன் தம்பியைப் பார்த்தார். வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். பாவம், அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

"இப்பத்தான் வந்தேன் கண்ணு" என்றார் அண்ணன், மெதுவாக.

நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். "உள்ள வாங்கண்ணே" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சமையலறைக்குள் போய் மனைவி மேல் பாய்ந்தான்.

"எல்லாம் உன்னாலதான்! பார்த்துச் சேர்க்கக் கூடாதா? மானமே போச்சு."

"நான் என்னங்க பண்ணேன்? அந்தந்த ஸ்பீக்கர்ல இருக்கிற பட்டனை அமுக்கினாத்தான் அது சேரும். கீழே இருக்கிறதை நானா போய் அமுக்கினேன்?"

தம்பி திரும்பி ஹாலைப் பார்த்தான். சண்டை போட வந்த அண்ணன், இஸ்திரி மடிப்புக் கலையாத புதுச்சட்டையின் பையிலிருந்து, ரிப்பன் கட்டிய சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தார்.