ராஜாளி வீட்டின் இரண்டு கதவுகள்

வேட்டைக்குப் பழக்கிய ராஜாளிக்கு அது இறகு உதிரும் காலம். சரியாகப் பறக்க வராது. அதனால் அதன் எஜமான் வடமலை தன் தோட்டத்தில் அதற்கு ஒரு வீடு கட்டினார். சிறகு சிக்கி முறியாதபடி கம்பிகளை நெடுக்காக அடித்தார். வாசலுக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள் வைத்தார். பறவை தப்பிப் போகாது, காட்டுப்பூனையும் உள்ளே வராது.

மாலையில் இறைச்சித் துண்டை வைத்துவிட்டு, கதவுகளைத் தாழ்போடாமல் லேசாகச் சாத்திவிட்டுப் போனார். பின்னாலேயே காற்று வந்து இரண்டையும் அசைத்துப் பார்த்தது.

"நான் எதற்கு முறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும்? உள்கதவு இருக்கிறதே," என்று வெளிக்கதவு அகலத் திறந்துகொண்டது.

"எது வந்தாலும் முதலில் வெளிக்கதவைத் தாண்டித்தானே வரணும்," என்று உள்கதவும் ஒதுங்கிக்கொண்டது.

இரண்டும் சுகமாகக் கண்ணயர்ந்தன. ராஜாளி நிதானமாக நடந்து வெளியே போய், புல்லில் நின்று சிறகு கோதியது.

அப்போது புதருக்குள் காட்டுப்பூனை உறுமியது. கதவுகள் திடுக்கிட்டு விழித்து, படார் படாரென்று சாத்திக்கொண்டன.

ராஜாளி தத்தித் தத்தி ஓடிவந்து அலகால் தட்டியது. "கதவைத் திற. பூனை வருகிறது."

"யாரது?"

"நான்தான், ராஜாளி."

"யாரிடம் கதை விடுகிறாய்?" என்றது வெளிக்கதவு. "ராஜாளி உள்ளே பத்திரமாக இருக்கிறது."

"அதற்குத்தானே நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்," என்றது உள்கதவு, இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு.