குனிந்து போகும் வாசல்

குலசிங்கம் அண்ணையின் நெற்றியில் மூன்று தையல். குசினி வாசலுக்கு மேலே கிடந்த கறுத்த உத்தரத்தைக் காட்டினார்.

“ரிம்ஸான், உதில ஸ்பொஞ்ச் ஒட்டிவிடு. இனி எனக்கு ஏலாது.”

“கழட்டி உயர்த்திப் பூட்டலாமே அண்ணை?”

“நகரசபைக்காரர் விடமாட்டாங்களாம். இங்கிலாந்தில கழட்டி, கப்பலில கனடாவுக்குக் கொண்டுவந்து இஞ்ச ஸ்ரௌவ்வில்லில பூட்டின நானூறு வருஷத்து மரவீடாம். ஒரு சட்டத்திலயும் கை வைக்கக் கூடாதாம். ரெண்டு வருஷமா எழுதி எழுதிக் களைச்சுப் போனன். நேற்றுக் கடைசிக் கடிதமும் வந்திட்டுது.”

“என்ன காரணம் சொல்லுறாங்கள்?”

“வந்து பார்த்த அதிகாரி உந்தப் புழு அரிச்ச ஓட்டையளைத் தடவித் தடவிப் பார்த்தவர். வீட்டிலயே ஆகப் பழைய மரம் உதுதானாம். அந்தக் காலத்து மனுசர் உயரத்தில கட்டையாம். அதுதான் இவ்வளவு பதிவாக் கீழ பூட்டியிருக்கினமாம்.”

“ஓம் அண்ணை” என்றேன்.

குனியாமலே வாசலைக் கடந்துபோய், ஏணியை விரித்து, ஸ்பொஞ்சை ஒட்டத் தொடங்கினேன்.

பதினைந்து வருடங்களுக்கு முன், வீட்டை விற்பதற்கு முதல் அதை இன்னும் பழசாகக் காட்ட வேண்டும் என்றார் முந்தின சொந்தக்காரர். புதுப் பைன் மரத்தைச் சங்கிலியால் அடித்து, சின்னச் சின்னத் துளைகள் போட்டு, பால் விடாத பிளேன்ரீயும் கறுப்புச் சாயமும் பூசி, அந்த உத்தரத்தைப் பூட்டியவன் நான்தான். அன்று இன்னொரு வேலை முடித்துவிட்டு வந்த களைப்பு. காரிலிருந்து அளவு ரேப்பை எடுத்துவரப் பஞ்சியாக இருந்தது.

என் தலை இடிக்காமல் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.